பவுடர் டப்பாவில் கொஞ்சம் கரி

என் கைகளைக் காட்டி எங்கள் தெருவே மெச்சிய காலம் ஒன்று உண்டு. அதை இப்போது நினைத்தாலும் எனக்குக் குமட்டுகிறது. "செல்வி கையில துணி குட்த்தா பூ மாரி வரும்" என்று சொன்ன ஒவ்வொருத்தியையும் நிறுத்திக் கேட்கத் தோன்றும். அந்தக் கை தோல் உரிந்து, வெடித்து, கணுவுக்குக் கணு சிவந்து கிடந்தது உங்கள் கண்ணில் படவே இல்லையா?

படவில்லை. அவர்களைச் சொல்லிக் குற்றமில்லை, எனக்கே படவில்லை. முப்பத்தாறு நாள் மனநல வார்டில் இருந்துவிட்டு வந்தவள் நான். வந்து சில வருஷங்கள் ஆகிவிட்டன. கேட்பவர்களிடம் எல்லாம் "வயித்துல கட்டி, ஆப்பரேஷன்" என்று எங்கள் வீட்டார் சொல்லி வைத்திருந்தார்கள். வயிற்றில் கட்டி என்றால் ஆப்பிளும் ஹார்லிக்ஸும் வரும். மனதில் நோய் என்றால் பக்கத்து வீட்டுக் கதவு மூடிக்கொள்ளும். இல்லாத கட்டியைப் பற்றி விசாரிப்பவர்களுக்குப் பதில் சொல்லிச் சொல்லி எனக்கு அலுத்துவிட்டது. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

ராயபுரத்தில், ரயில் பாதையைத் தாண்டி துறைமுகத்துப் பக்கம் போகும் ஒரு குறுக்குச் சந்தில் எங்கள் வீடு. துறைமுக யார்டில் அப்போது கப்பலிலிருந்து நிலக்கரி இறங்கிக்கொண்டிருந்தது. காற்று எங்கள் பக்கம் திரும்பினால் போதும், காலையில் துடைத்த ஜன்னல் கட்டை இட்லி வேகுவதற்குள் கறுத்திருக்கும். கொடியில் காய்ந்த வேட்டியை உதறினால் கரி பறக்கும். மூக்கைச் சிந்தினால் கறுப்பாக வரும். பாலை மூடாமல் வைத்தால் ஆடை மேல் பொடிப்பொடியாக மிதக்கும். எங்கள் தெருப் பெண்களின் பாதி நாள் துடைப்பதிலேயே போகும். துடைத்த துணியைப் பிழிந்தால் வடியும் தண்ணீரைப் பார்த்தால் சோறு இறங்காது.

இந்தக் கரிக் காட்டில் உட்கார்ந்துகொண்டு நான் வெள்ளைத் துணி தைத்தேன். என்ன புத்திசாலித்தனம் பாருங்கள். கோயிலில் பிள்ளைகள் முதல்முதலாக நற்கருணை வாங்கும் நாளைப் புதுநன்மை என்பார்கள். அன்றைக்குப் பெண்பிள்ளைகள் தேவதை மாதிரி வெள்ளைக் கவுன் போட்டுக்கொள்ள வேண்டும். சாட்டின், லேஸ், தலைக்கு முக்காடு. எங்கள் பக்கம் கிறிஸ்தவக் குடும்பங்கள் நிறைய. நான் அந்த மதம் இல்லையென்றாலும் சீசன் வந்தால் என் தையல் மிஷின் முன்னால்தான் வரிசை நிற்கும்.

ஒரு வருஷம் ஒரு தாய் கவுனைத் திருப்பிக் கொண்டுவந்தாள். கீழ் மடிப்பில் ஒரு கட்டைவிரல் ரேகை, கறுப்பாக. என் விரல்தான். நாலு பேர் நிற்கும்போது அதை விரித்துக் காட்டினாள்.

"இன்னா செல்வி, எம் பொண்ணு கோயிலுக்குப் போவுதா, சாவுக்குப் போவுதா? இப்டி கறுப்பு குத்தி குட்த்துகீறே?"

அன்றைக்கே துவைத்துக் கொடுத்துவிட்டேன். அவளும் மறந்துவிட்டாள். நான் மறக்கவில்லை. மறுநாளிலிருந்து மிஷினில் உட்காரும் முன் கை கழுவினேன். வெள்ளைத் துணி தைக்கிற யாரும் செய்வதுதான் அது. பிறகு கத்தரிக்கோலைத் தொட்டாலும் கழுவினேன். நூல்கண்டைத் தொட்டாலும் கழுவினேன். பிறகு குழாயைத் திறக்கத் தொட்டேனே, அந்தக் குழாயில் கரி இருந்ததே என்று மறுபடி கழுவினேன். எப்போது அது தொழில் சுத்தம் என்பதைத் தாண்டியது என்று கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியாது. கோடு போட்டு வைத்திருந்தால் அல்லவா தாண்டியது தெரியும்.

துணி அழுக்காகும் என்ற பயம் ஒரு கட்டத்தில் காணாமல் போய், அதன் இடத்தில் வேறொன்று வந்து உட்கார்ந்தது. என் கையில் இருக்கும் கரி என் மகளின் வயிற்றுக்குள் போகும், அவள் நுரையீரல் கறுக்கும், அவள் செத்துப்போவாள், கொன்றவள் நானாக இருப்பேன். வேண்டாம் என்று தள்ளினால் இன்னும் கெட்டியாக வரும். கழுவினால் ஒரு நிமிஷம் அடங்கும். உடனே, முழங்கைக்குக் கீழே சரியாக நனைந்ததா என்று கேட்கும். இருபது தடவை சோப்பு போடுவேன். நடுவில் எண்ணிக்கை தவறினால் முதலிலிருந்து.

என் வீட்டுக்காரர் சேகர் கன்டெய்னர் டிரெய்லர் ஓட்டுபவர். துறைமுக வாசலில் வண்டியோடு இரண்டு நாள் வரிசையில் கிடந்துவிட்டு வருவார். வந்ததும் வாசலிலேயே சட்டையைக் கழற்றித் தனி வாளியில் போட்டு, தலைக்கு ஊற்றிக்கொண்டுதான் உள்ளே வரவேண்டும். ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசவில்லை அந்த மனுஷன். "என் பொண்டாட்டி சுத்தக்காரி" என்று கூட்டாளிகளிடம் பெருமைதான் அடித்துக்கொண்டார். மகள் சுகன்யா இரண்டாம் வகுப்பு. பள்ளிக்கூடப் பை வெளியே கோணியின் மேல்தான் இருக்க வேண்டும். கை, கால், முழங்கை கழுவிவிட்டு என் முன்னால் நின்று இரண்டு கையையும் முன்பக்கம் பின்பக்கம் திருப்பிக் காட்டுவாள். நான் தலையாட்டினால் உள்ளே வருவாள். அப்போதும் மடியில் ஏறக்கூடாது. நன்றாக வளர்த்திருக்கிறேன் என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன், சீ.

அவள் இரண்டாம் வகுப்பு படித்த அந்த வருஷம் பார்த்து தண்ணீர்ப் பஞ்சம் வந்தது. குழாயில் காற்று வந்தது. தெருமுனையில் லாரி நிற்கும், குடத்தோடு அடித்துக்கொண்டு பிடிக்க வேண்டும். பிடித்த பத்துக் குடத்தில் எட்டுக் குடம் என் கைக்கே போனது. சமையலுக்கு ஒன்று, மற்ற எல்லாவற்றுக்கும் ஒன்று. தண்ணீர் குறையக் குறைய சோப்பைக் கூட்டினேன். பிறகு பிளீச்சிங் பவுடர். தோல் உரிந்து ரத்தம் கசிந்தது. வெள்ளைச் சாட்டினில் கரி படாமல் காத்த கையிலிருந்து ரத்தம் பட்டது. அந்த சீசனில் மூன்று கவுன் பாழ்.

நான் ஆஸ்பத்திரிக்குப் போகக் காரணம் என் கை இல்லை. சுகன்யாவின் தாடை.

ஒரு மாலை, பள்ளியிலிருந்து வரும்போது சந்தில் ஓடி விழுந்துவிட்டாள். தாடை கிழிந்து ரத்தம் சட்டையில் ஒழுக, இரண்டு கையையும் நீட்டிக்கொண்டு "அம்மா" என்று அழுதுகொண்டே வாசலுக்கு வந்தாள். சட்டை முழுக்கத் தெருக் கரி. நான் பின்னால் நகர்ந்தேன். எழுதவே கை கூசுகிறது, ஆனால் அதுதான் நடந்தது. கதவைப் பாதி மூடிக்கொண்டு, "கை கயுவிட்டு வா" என்றேன்.

அவள் போனாள். அழுகையைக்கூட நிறுத்திவிட்டுப் போனாள். குழாயடியில் நின்று பைப்பைத் திருகினாள். தண்ணீர் வரவில்லை. வரும் வரும் என்று கையை நீட்டியபடியே நின்றாள். நான் கதவிடுக்கில் பார்த்துக்கொண்டிருந்தேன். ரத்தம் சொட்டுச் சொட்டாகச் சிமெண்டில் விழுந்தது. எனக்குள் ஒருத்தி ஓடிப்போய் அவளைத் தூக்கு என்று கத்தினாள். கால் நகரவில்லை. எதிர்வீட்டு ஆயிஷா அக்காதான் பார்த்துவிட்டு அவளை இடுப்பில் தூக்கிக்கொண்டு கிளினிக்குக்கு ஓடினாள். நாலு தையல்.

திரும்பி வந்து ஆயிஷா அக்கா என்னைப் பார்த்த பார்வையை என் வாழ்நாளில் மறக்கமாட்டேன். திட்டியிருந்தால் தேவலை.

"செல்வி, ஒனக்கு ஒடம்பு சரியில்ல. இது சுத்தம் இல்லமா" என்றாள். அவ்வளவுதான். என்னை மெச்சாமல் பேசிய முதல் ஆள்.

மறுநாள் சேகரின் அக்கா, என் நாத்தனார் கஸ்தூரி, காலடிப்பேட்டையிலிருந்து வந்து சுகன்யாவைக் கூட்டிக்கொண்டு போய்விட்டார். சேகர் என்னைத் தோல் டாக்டரிடம் அழைத்துப் போனார். சிமெண்ட் வேலையா என்று கேட்டார் டாக்டர். தையல் வேலை என்றேன். ஒரு நாளைக்கு எத்தனை தடவை கை கழுவுவீர்கள் என்றார். எண்ணவில்லை என்றேன். பொய். எண்ணுவதுதானே என் வேலை. களிம்பு எழுதித் தந்துவிட்டு இன்னொரு சீட்டில் நாலு வரி எழுதினார். பெரிய ஆஸ்பத்திரியின் மனநலப் பிரிவுக்கு.

வீட்டில் பூகம்பம். என் தம்பி "டாக்டருக்கு இன்னா பைத்தியமா" என்றான். கஸ்தூரி அண்ணி போனில் அழுதார்.

"வேணாண்டா சேகரு. நாளைக்குப் பொண்ணுக்கு ஒரு நல்லது கெட்டதுன்னா, ஆத்தாக்காரி கீப்பாக்கம் கேஸுன்னு சொல்லிக்கினு எவன் வருவான்?"

"மொதல்ல பொண்ணு முழுசா இருக்கட்டும், நல்லது கெட்டத அப்பால பாத்துக்கலாம் அக்கா" என்றார் சேகர். அவர் அப்படி எடுத்தெறிந்து பேசி நான் கேட்டதில்லை.

மனநலப் பிரிவின் வெளியறையில் மூன்று மணி நேரம் நின்றேன். பெஞ்சு இருந்தது. எத்தனை பேர் வியர்வையோ அதில். சுவரில் வெற்றிலை எச்சில், மூலையில் யாரோ எடுத்த வாந்தி மேல் மணல். என் பக்கத்தில் வண்ணாரப்பேட்டையிலிருந்து வந்த நூர்ஜஹான் என்ற அம்மா மட்டும் பேச்சுக் கொடுத்தார். திடீரென்று நெஞ்சு அடித்துக்கொள்ளுமாம், மூச்சு முட்டுமாம், கை விரல் மரத்துப்போகுமாம், இதோ சாகப்போகிறோம் என்று தோன்றுமாம். பத்து இருபது நிமிஷத்தில் தானாக அடங்கிவிடுமாம். ஐந்து தடவை இதய டாக்டரிடம் ஓடியிருக்கிறார். ஐந்து தடவையும் இதயம் நன்றாக இருக்கிறது என்று அனுப்பிவிட்டார்கள். அடுத்தது எப்போது வருமோ என்ற பயத்தில் பஸ் ஏறுவதையே விட்டுவிட்டாராம். பீதி நோய் என்று அதற்குப் பெயர்.

"வூட்ல நடிக்கிறேன்னு சொல்றாங்கமா. எனக்கு இன்னா வேலவெட்டி இல்லியா, சாவுற மாரி நடிக்க?" என்றார்.

உள்ளே இருந்த டாக்டர் அம்மாவுக்கு ஐம்பது வயது இருக்கும். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு பேசுவார். கேள்விக்கு மேல் கேள்வி. எத்தனை மணி நேரம் போகிறது, செய்யாமல் விட்டால் என்ன ஆகும், இது அதிகப்படி என்று உங்களுக்கே தெரிகிறதா. தைராய்டுக்கு ரத்தம் எடுத்தார்கள், மாத்திரை தருவதற்கு முன் இதயத் துடிப்பையும் பார்த்தார்கள். பிறகு நோயின் பெயரைச் சொன்னார்: எண்ணச் சுழற்சி நோய். வேண்டாத எண்ணம் திரும்பத் திரும்ப வரும். அதை அடக்க ஒரு செயலைத் திரும்பத் திரும்பச் செய்யத் தோன்றும். செய்தால் கொஞ்சம் நிம்மதி. அந்த நிம்மதிதான் நோய்க்குத் தீனி.

"எல்லாருக்கும் சந்தேகம் வரும் செல்வி. கதவைப் பூட்டினோமான்னு திரும்பிப் போய்ப் பார்ப்போம். பார்த்ததும் உள்ள ஒண்ணு 'போதும்'னு சொல்லும். உங்களுக்கு அது சொல்ல மாட்டேங்குது. அவ்வளவுதான்."

எனக்குக் கோபம் வந்தது. "கரி நெசமாவே கீது டாக்டர். எங்க வூட்டுக்கு வந்து பாருங்க" என்றேன்.

"நிஜம்தான். உங்க தெருவுல எல்லார் வீட்லயும் இருக்கு. அவங்க திட்டிக்கிட்டே துடைச்சிட்டு சமைக்கப் போறாங்க. நீங்க போறதில்லை."



வெளியிலிருந்தே வைத்தியம் பார்க்கலாம், ஆனால் கை புண்ணாகி சீழ் வைத்திருக்கிறது, சாப்பாடும் இறங்கவில்லை, அதனால் சேர்ந்துவிடுங்கள் என்றார். பெண்கள் வார்டில் ஒரு ஓரக் கட்டில் கிடைத்தது.

வார்டைப் பற்றி இனிக்க இனிக்க எழுத எனக்கு வராது. பாத்ரூமில் ஒரே குவளை, அதன் காதில் யாருடையதோ முடி. மாத்திரையைச் சிஸ்டர் விரலால் எடுத்து உள்ளங்கையில் வைப்பார், அந்த விரலையே பார்த்துக்கொண்டிருப்பேன். முதல் நாள் யாரும் என்னைத் தொடாதபடி சுவரோடு ஒட்டிப் படுத்தேன். சுவர் அதைவிட மோசம். மாத்திரை வேலை செய்ய மூன்று நாலு வாரம் ஆகும் என்றார்கள். அது வரைக்கும் அதன் கெட்ட குணங்கள் மட்டும் வேலை செய்தன. வாய் உலர்ந்தது, குமட்டியது, உள்ளங்கை வியர்த்தது. இருக்கிற கழிசடைக்கெல்லாம் நடுவில் என் கையிலேயே ஈரமா என்று அழுதேன்.

ஆனால் அந்தக் கட்டிலில் உட்கார்ந்துதான் மற்றவர்களைப் பார்த்தேன். பக்கத்துக் கட்டில் கமலா, தண்டையார்பேட்டை. விடியற்காலை மூன்றுக்கே விழித்துக்கொள்வாள், பிறகு தூக்கம் இல்லை. சீப்பைக் கையில் எடுத்தால் தலை வரை தூக்கத் தெம்பு இருக்காது. எதிலும் ருசி இல்லை, பிள்ளையைப் பார்த்தால்கூட சந்தோஷம் வராது, டாக்டர் கேட்டால் மட்டும், நான் இருந்து யாருக்கு என்ன என்பாள். மனச்சோர்வு. அவள் மாமியார் வார்டில் நின்றே சொன்னாள்: "சோம்பேறி. எங்க வூட்டுக்கு வந்த நாளா இப்டித்தான்."

எதிர்க் கட்டில் வசந்தா வேறு ரகம். வந்த புதிதில் ஒரு வாரம் தூங்கவில்லை. தூக்கம் தேவைப்படவும் இல்லை. வாய் ஓயாமல் பேச்சு, பாட்டு. கம்மலைக் கழற்றி ஆயாவுக்குக் கொடுத்துவிட்டாள், நல்லவேளை ஆயா திருப்பித் தந்தாள். தான் கவுன்சிலர் தேர்தலுக்கு நிற்கப்போவதாகச் சொல்லி எங்களிடம் ஓட்டுக் கேட்டாள். இதே வசந்தாதான் போன மழைக்காலத்தில் கமலா மாதிரி சுருண்டு கிடந்தாளாம். ஒரு கோடிக்கும் மறு கோடிக்கும் மனம் இழுத்துக்கொண்டு போகும் இருதுருவ நோய். வீட்டில் அதற்குப் பெயர் திமிர்.

எர்ணாவூர்ப் பெண் தேவகிக்கு இருபது வயதுகூட நிரம்பவில்லை. இரண்டு பேர் அவளைப் பற்றியே பேசிக்கொண்டிருப்பது அவள் காதில் விழும். யாரும் இருக்க மாட்டார்கள். சாப்பாட்டில் எதையோ கலக்கிறார்கள் என்று தட்டைத் தள்ளுவாள். மனச்சிதைவு. குரல் பொய்யாக இருக்கலாம், அவளுக்குக் கேட்பது பொய்யில்லை என்று டாக்டர் சொன்னார். காற்று கறுப்பு என்று எங்கேயோ கொண்டுபோய்ச் சங்கிலியில் கட்டிப்போட்டிருக்கிறார்கள். கணுக்காலைச் சுற்றிக் கறுப்பு வளையமாகத் தழும்பு. அந்த வார்டில் நான் பார்த்ததிலேயே என்னை மிகவும் குமட்டச் செய்தது அந்தத் தழும்புதான். குவளையில் ஒட்டிய முடிக்காக முகம் சுளித்துக்கொண்டிருந்த எனக்கு அன்றைக்குக் கொஞ்சம் வெட்கமாக இருந்தது.

நோய் ஒன்று, வீட்டில் வைத்த பெயர் ஒன்று. சோம்பல், நடிப்பு, திமிர், பேய். திட்டுப் பெயராக இருந்ததால் அவர்களைக் கடைசியில் யாராவது இழுத்துக்கொண்டாவது வந்தார்கள். எனக்கு வைத்த பெயர் சுத்தம். அதைப் பாராட்டாக எடுத்துக்கொண்டு ஆறு வருஷம் அழுகினேன்.

இரண்டாவது வாரம் டாக்டர் பயிற்சியைப் பற்றிச் சொன்னார். தொட வேண்டும், தொட்டபின் கழுவக் கூடாது. அருவருப்பு ஏறும், உச்சிக்குப் போகும், பிறகு தானாக இறங்கும். நீங்கள் கழுவிவிடுவதால் அது இறங்கும் என்பதை உங்கள் மூளை பார்த்ததே இல்லை. விளக்கம் எல்லாம் நன்றாகத்தான் இருந்தது. கட்டில் கம்பியைத் தொடச் சொன்னார். தொட்டேன். ஐந்து நிமிஷத்தில் பாத்ரூமுக்கு ஓடினேன். மறுநாளும் ஓடினேன். எனக்கு இது ஆகாது, வீட்டுக்கு அனுப்பிவிடுங்கள் என்றேன்.

அந்த வாரம் சேகர் பார்க்க வந்தபோது முகம் சரியில்லை. டிரெய்லரை நிறுத்திவிட்டு அப்படியே வந்திருந்தார். எனக்காக முகம் கை கழுவியிருந்தார் என்பது காதோரத்தில் நின்றிருந்த சோப்பு நுரையில் தெரிந்தது. துருவித் துருவிக் கேட்டபின் சொன்னார்.

"பாப்பா அக்கா வூட்ல சோறு துன்றதுக்கு முன்னாடி ஆறு வாட்டி கை கயுவுதாம். ஏன்னு கேட்டா, ரத்தம் வந்த அன்னிக்கி தண்ணி வர்ல, அதனாலதான் அம்மா ஆஸ்பத்திரிக்குப் போய்ட்டாங்கன்னு சொல்லுதாம்."

என் கைகளைப் போர்வைக்குள் இழுத்துக்கொண்டேன்.

"அது கைய காட்டுச்சு செல்வி. ஒன் கை மாரியே கீது" என்று சொல்லிவிட்டு அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

என் மேல் எனக்கு வந்த வெறுப்பை எந்த வார்த்தையில் வைக்க என்று தெரியவில்லை. கரி அவள் வயிற்றுக்குள் போகக் கூடாது என்று என் தோலை உரித்துக்கொண்டேன். போயிருந்தது கரி இல்லை, நான். அன்று மாலை டாக்டரிடம் போய், எது ரொம்பக் கஷ்டமோ அதையே கொடுங்கள் என்றேன்.

எது ரொம்பக் கஷ்டம் என்று திருப்பிக் கேட்டார். என் வீட்டு ஜன்னல் கரி என்றேன்.

ஆஸ்பத்திரியில் பெண்டாட்டியைப் பார்க்க எல்லாரும் சாத்துக்குடி கொண்டுவருவார்கள். என் புருஷன் கரி கொண்டுவந்தார். குழந்தை பவுடர் டப்பா ஒன்றைக் காலி செய்து, ஜன்னல் கட்டையிலிருந்து வழித்துப் போட்டு, மூடியை ரப்பர் பேண்டால் கட்டி. "இத்தினி போதுமா, இன்னும் வோணுமா?" என்று கேட்டார். டாக்டர் சிரித்துவிட்டார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

டாக்டர் டப்பாவைத் திறந்து முதலில் தன் உள்ளங்கையில் கொட்டித் தேய்த்துக்கொண்டார். தேய்த்த கையாலேயே பிஸ்கட்டை எடுத்துக் கடித்தார். படித்த பொம்பளை செய்கிற காரியமா இது என்று எனக்கு வாயில் புளித்தண்ணீர் ஊறியது. பிறகு என் கையில் கொட்டினார். புண் ஆறிப் புதுத்தோல் வந்திருந்த கை. அரிப்பது போல, ஊர்வது போல இருந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்தேன். நெஞ்சு அடித்தது, முதுகில் வியர்வை ஓடியது. நாற்பது நிமிஷம் வரை ஏறிக்கொண்டே போனது. அவரும் அசையாமல் கூடவே உட்கார்ந்திருந்தார். அப்புறம், எப்போது என்று தெரியாமல், கொஞ்சம் தளர்ந்தது. போகவில்லை, தளர்ந்தது. கை என் கையாக மடியில் கிடந்தது, அசிங்கமாக.

தினமும் அதுதான் வேலை. கரிக் கையோடு தண்ணீர் குடிப்பது, கரிக் கையோடு சப்பாத்தி தின்பது. சில நாள் தோற்றேன். ஒரு நாள் தோற்றுப்போய்த் திருட்டுத்தனமாகக் கழுவிவிட்டு வந்தேன், கமலா பார்த்துவிட்டாள். அந்த வார்டில் அவள் தானாகப் பேசிய முதல் வாக்கியம் என்னைத் திட்டியதுதான்.

"கரிக்கு பயந்துக்கினு பொண்ண உட்றப் போறியா? போய் மறுபடி கொட்டிக்கினு வா."

போய்க் கொட்டிக்கொண்டு வந்தேன்.

ஐந்தாவது ஞாயிற்றுக்கிழமை கஸ்தூரி அண்ணி சுகன்யாவைக் கூட்டி வந்தார். வார்டுக்கு வெளியே வேப்பமரத்தடியில் ஒரு சிமெண்ட் பெஞ்சு. நான் அதில் உட்கார்ந்துகொண்டிருந்தேன், ஆமாம், உட்கார்ந்துகொண்டு. பவுடர் டப்பா மடியில் இருந்தது. காலைப் பயிற்சியை முடிக்காமலே எழுந்து வந்திருந்தேன்.

அவள் பத்தடி தூரத்தில் நின்றுவிட்டாள். தையல் பிரித்த தாடையில் இளஞ்சிவப்பாக ஒரு கோடு. இரண்டு கையையும் கவுனில் படாமல், விரல்களை விரித்துத் தள்ளிப் பிடித்திருந்தாள். நான் பிடிப்பது மாதிரியே. தோல் காய்ந்து வெள்ளை வெள்ளையாக இருந்தது.

"வா பாப்பா" என்றேன்.

"நான் கை கயுவலம்மா. பஸ்ல கம்பிய புட்ச்சேன்."

"பரவால்ல வா."

அவள் அத்தையைப் பார்த்தாள். அண்ணி முந்தானையால் வாயை மூடிக்கொண்டு நின்றார். சுகன்யா ஒவ்வொரு அடியாக வந்து, பழக்கப்படி இரண்டு கையையும் நீட்டி, முன்பக்கம் காட்டி, பின்பக்கம் திருப்பினாள். நான் தலையாட்டுவதற்காகக் காத்திருந்தாள்.

எனக்கு மேலே என்ன செய்வதென்று தெரியவில்லை. டாக்டர் இதைச் சொல்லித் தந்திருக்கவில்லை. டப்பாவைத் திறந்து ஆள்காட்டி விரலை உள்ளே விட்டு எடுத்தேன். விரலை அவள் கன்னத்தருகே கொண்டுபோனேன். கொல்லப்போகிறாய், கொல்லப்போகிறாய் என்று உள்ளே பழைய குரல் அடித்துக்கொண்டது. வைத்துவிட்டேன். கன்னத்தில், திருஷ்டிப் பொட்டு வைக்கிற இடத்தில், நல்ல பெரிய பொட்டாக. கைக்குழந்தையாக இருந்தபோது வைத்தது. அதற்குப் பிறகு கழுவாத கையால் அவள் முகத்தை நான் தொட்டதே இல்லை.

அவள் உடம்பு விறைத்துக்கொண்டது.

"அம்மா, இது கரி."

"ஆமா, கரிதான்."

"நம்ம வூட்டுக் கரியா?"

"நம்ம வூட்டுதுதான். ஒங்கப்பா எட்த்துனு வந்தாரு."

"கயுவணுமா?"

"வேணாம்."

நிஜமாகவா என்பது போல என் முகத்தை நெடுநேரம் பார்த்தாள். பிறகு டப்பாவை எட்டிப் பார்த்து மூக்கைச் சுளித்தாள். ஒரு விரலை மட்டும் மெதுவாக உள்ளே விட்டாள். எடுத்து, என் கன்னத்தில் வைத்துத் தேய்த்தாள். பொட்டாக வரவில்லை, காதுவரை இழுபட்டது. அதற்கப்புறம் கையைத் தூரமாகப் பிடித்துக்கொள்ள மறந்துபோய், என் மடியில் ஏறி உட்கார்ந்தாள்.

பஸ் கம்பி, தெருப் புழுதி, வியர்வை, கரி எல்லாம் அவளோடு வந்து என் மேல் ஒட்டின. கன்னத்தில் அது ஊர்ந்தது. பாத்ரூம் குழாய் முப்பதடி தூரத்தில் இருந்தது, அதில் தண்ணீரும் வந்துகொண்டிருந்தது. அருவருப்பாகத்தான் இருந்தது. நான் எழுந்திருக்கவில்லை.